புளோயர் அண்ணனும் அரக்கு முறுக்கும்

ஏர் ஃப்ரையரைக் கண்டுபிடித்தது யார் என்று என் மகள் போன ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் தேடிப் பார்த்து, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரைப் படித்துக் காட்டினாள். நான் அதை உடனே திருத்தினேன். ஏர் ஃப்ரையரைக் கண்டுபிடித்தவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த புளோயர் அண்ணன். அந்த வெளிநாட்டுக்காரர் எந்த வருடம் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிட்டுப் போகட்டும். எங்கள் அண்ணன் அதற்கு முன்பே கண்டுபிடித்து, அதில் பலகாரம் செய்து, அந்தப் பலகாரத்தால் ஒரு கல்யாணத்தை முக்கால்வாசி கெடுத்து, அதே பலகாரத்தால் அதை நடத்தியும் வைத்துவிட்டார். கல்யாணம் என்னுடையது. ஆகவே இந்த விஷயத்தில் என்னோடு யாரும் வாதாட வேண்டாம்.

மகள் அன்றைக்குச் செய்ய எடுத்துவைத்தது சுர்ரோ பைட்ஸ். மைதாவை வெந்நீரில் கிளறி, நட்சத்திர அச்சில் பிழிந்து, விரல்கணு நீளத்துக்கு வெட்டி, ஏர் ஃப்ரையர் பெட்டிக்குள் வைத்துச் சூடான காற்றில் வேகவிட்டு, பட்டைத் தூள் கலந்த சர்க்கரையில் புரட்டி எடுக்க வேண்டும். "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, ஸ்பெயின் நாட்டு ஐட்டம்" என்றாள். எனக்கா தெரியாது! உன் அப்பனைக் கட்டிக்கொண்டதே அதனால்தான்டி என்று சொல்ல வாயெடுத்து, பெரிய கதை, மாவு ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லலாம். உங்கள் மாவு ஒன்றும் ஆறப்போவதில்லை.

புளோயர் அண்ணனின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டிலேயே இருபது வருடம் இருந்தும் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அண்ணியும் "எங்க வூட்டுக்காரரு" என்பதற்கு மேல் ஒரு எழுத்து சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகை உறையில் 'திரு. புளோயர் அவர்கள்' என்றுதான் எழுதுவோம். மரியாதையாக வாங்கிக்கொண்டு, மரியாதையாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஆள் ஒல்லி. ஆடி மாதத்தில் அவர் தெருவில் நடந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று என் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே கத்துவார். ஆனால் அந்த ஒல்லி உடம்புக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. உலகத்தில் எந்தச் சிக்கலாக இருந்தாலும், அதன் மேல் சூடான காற்றை ஊதினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. அதற்காகவே பட்டறை நிறைய விதவிதமான காற்றாடி, குழாய், காயில் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். பெயரும் அப்படித்தான் வந்தது.

பிளஸ் டூ பரீட்சைக்கு முதல் நாள் என் ஹால் டிக்கெட் மழையில் ஊறிவிட்டது. அழுதுகொண்டு நின்ற என்னிடமிருந்து அதை வாங்கி ஒரு புளோயருக்கு முன்னால் பிடித்தார். அடுத்த நொடி ஹால் டிக்கெட் ஜன்னல் வழியாகப் பறந்து எதிர்வீட்டு ஓட்டின் மேல் போய் உட்கார்ந்தது. ஏணி வைத்து ஏறி எடுத்தோம். அண்ணன் கீழே நின்று, "காஞ்சிருச்சா இல்லியா பாப்பா? அத மட்டும் சொல்லு" என்றார். காய்ந்துதான் இருந்தது.

இன்னொரு முறை சாமி புறப்பாடு. சாமியைத் தோளில் சுமந்து வந்தவர்களுக்கு வேர்க்கிறதே என்று மனம் இளகி, பட்டறையிலிருந்து பெரிய புளோயரை இழுத்து வந்து வாசலில் போட்டார். அதில் சூடேற்றும் காயிலைக் கழற்ற மறந்துவிட்டார். வந்தது அனல். ஏற்றிய கற்பூரம் மூன்று முறை அணைந்தது. நான்காவது முறை குருக்கள் பொறுமை இழந்து, "ஓய், அத நிறுத்தும்! ஸ்வாமிக்கே வேர்த்துக் கொட்டறது!" என்று கத்தினார். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டார். குருக்களோடு ஒரு மாதம் பேசவில்லை.

இப்படிப்பட்டவரைத் தெரு ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். பீரோவால்தான். எங்கள் ஊரில் ஐப்பசி மழை வந்தால் யாருக்கும் கவிதை வராது. நூல் காயாது, அவ்வளவுதான். சாயம் போட்ட பட்டு நூல் சிட்டம் சிட்டமாக, கட்டுக் கட்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும், நான்கு நாளானாலும் ஈரம் போகாது, தறி சும்மா கிடக்கும். அண்ணன் ஒரு துருப்பிடித்த இரும்பு பீரோவை வாங்கிவந்தார். அடியில் ஹீட்டர் காயில், முதுகில் ஒரு கொல்லன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஊதுகாற்றாடி, இரண்டுக்கும் நடுவே முழங்கை தடிமனுக்கு ஒரு வளைந்த குழாய். உள்ளே நூலைத் தொங்கவிடக் கம்பிகள். கதவில் ஒரு சதுரம் வெட்டி, பழைய சாமி படத்துக் கண்ணாடியைப் பொருத்தி ஜன்னலும் வைத்துவிட்டார். நான்கு நாள் காய வேண்டிய நூல் இரண்டு மணி நேரத்தில் காய்ந்து வந்தது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் அவர்தான் எங்கள் தெருவுக்குச் சூரியன்.

சூரியனுக்கு ஒரே ஒரு குறை. பீரோவைப் போட்டால் தெருவில் மற்ற எதுவும் ஓடாது. பல்பு எல்லாம் சிவந்து மயங்கும், ஃபேன் முனகும், டிவியில் படம் சுருங்கி நடுவில் ஒரு கோடாக நிற்கும். அதனால் தெருவில் ஒரு வழக்கம் உண்டானது. அண்ணன் வாசலில் வந்து நின்று, "போடப் போறேம்பா!" என்று ஒரு குரல் கொடுப்பார். உடனே வீட்டுக்கு வீடு டிவி, மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். யாருடைய நூலாவது காய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மழைக்காலம் முடிந்ததும் பீரோவுக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும் பீரோவைப் பார்த்தால் அண்ணனுக்குக் கை பரபரக்கும். ஒரு நாள் என்னிடம் வந்து, "எண்ணெய் இன்னா பண்ணுது பாப்பா?" என்று கேட்டார்.

"பொரிக்குதுண்ணா."

"அதான் இல்ல. சூட்ட வாங்கிக்கினு போயி மாவு மேல வைக்குது. அவ்ளோதான் அதுக்கு வேல. வெறும் கூலி ஆளு. அந்த வேலைய காத்து செய்யாதா? காத்துக்கு இன்னா, கை கால் இல்லியா?"

"காத்துக்குக் கை கால் கெடையாதுண்ணா."

"சூடு பண்ணி வுட்டா வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் மெதுவடை. ஈர மாவு கம்பி வலை வழியாக ஒழுகிக் காயில் மேல் விழுந்து, தெரு முழுக்க இரண்டு நாள் கருகல் வாசனை. அடுத்தது பஜ்ஜி. வாழைக்காய் ஒரு பக்கமாகவும் மாவு ஒரு பக்கமாகவும் பிரிந்து வந்தன. மூன்றாவதாக மசால்வடை. இது உருவம் கலையாமல் வந்தது, கடிக்கத்தான் முடியவில்லை. அண்ணி அதில் இரண்டை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு முட்டுக் கொடுத்தார். அதன் பிறகு தொட்டி ஆடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனை சலூனில் கேபிள் டிவி வந்தது. முடிவெட்டிக்கொள்ளப் போன அண்ணன், பாதித் தலையோடு, கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார். "அக்கா! முறுக்கு அச்சு குடு! முள்ளு அச்சு!"

என் அம்மா பயந்துவிட்டார். "இன்னாபா இது, பாதித் தலையோட?"

"தலைய வுடுக்கா. டிவில வெள்ளக்காரி ஒருத்தி மாவ வெந்நீர்ல போட்டுக் கிளறிக்கினு இருக்கறா. நாம கொழுக்கட்டைக்குக் கிளறுவமே, அதே கெட்டி. ஒழுகவே ஒழுகாது! அத முள்ளு அச்சுல புழிஞ்சி, கத்தரிக்கோல்ல துண்டு துண்டா வெட்டறா. கடைசில போயி எண்ணெய்ல போட்டுட்டா, பைத்தியக்காரி. நாம காத்துல போடுவோம். மேல சக்கரையும் பட்டைத் தூளும்."

"பட்டையா? பிரியாணிக்குப் போடற பட்டையா?"

"ஆமாக்கா."

"சக்கரையிலயா?"

"ஆமாக்கா."

"அப்போ லவங்கம், பிரிஞ்சி எல எல்லாம் வாணாமா?" என்று அம்மா கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். அண்ணன் உண்மையாகவே யோசித்து, டிவியில் அந்த வெள்ளைக்காரி போடவில்லை, வேண்டாம் என்றார்.

அம்மா மாவைக் கிளறினார். தறியில் நூல் அறுக்கும் கத்தரியைக் கழுவித் துடைத்து நான் துண்டு போட்டேன். அண்ணனுடைய கட்டளை, ஒரு சொட்டு எண்ணெய் நெய் எதுவும் கூடாது. அம்மா அவர் திரும்பியபோது ஒரு ஸ்பூன் வெண்ணெயை மாவில் போட்டுவிட்டார். "வெறும் மாவ எவன் தின்னுவான்" என்று என் காதில் சொன்னார். இது இன்றுவரை வெளியே வராத ரகசியம். மூன்று ஈடு கருகி, நான்காவது ஈடு பொன்னிறமாக வந்தது. அண்ணன் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெய்ல பொரிச்ச மாதிரியே இருக்குதா பாப்பா? நெசத்த சொல்லு."

நிசத்தைச் சொன்னால், டீயில் முக்கித் தின்கிற ரஸ்க்கைச் சர்க்கரையில் புரட்டியது போல் இருந்தது. கடைவாயில் வைத்து மெல்ல வேண்டியிருந்தது. ஆனால் பாதித் தலையோடு நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? "அப்படியே இருக்குதுண்ணா" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இந்தப் பொய்யைச் சாகும்வரை காப்பாற்றுவது என்று முடிவு செய்துகொண்டேன். அவர் அதற்குக் காற்று முறுக்கு என்று பெயர் வைத்துவிட்டு, மீதித் தலையை வெட்டிக்கொள்ளப் போனார்.

இங்கேதான் என் கதை வருகிறது. நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து மிஷினில் ஒரு பையன். ரிப்பன் சிக்கினால் எடுத்துவிடுவான், பேப்பர் தீர்ந்தால் கொடுப்பான். ஒன்றரை வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தத்தையும் டைப் அடித்தால் ஒரு பக்கம்கூட நிறையாது. ஆனால் கட்டினால் அவனைத்தான் கட்டுவது என்று எனக்கும், என்னைத்தான் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் தன் அம்மாவிடம் சொல்லி, அம்மா ஒரு தரகரிடம் சொல்லி, யாருக்கும் எதுவும் தெரியாதது போல் முறைப்படி பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. நான் முகத்தை ஆச்சரியமாக வைத்துக்கொண்டேன்.

தரகர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஒரு குண்டைப் போட்டார். "பையன் தங்கம். பையனோட அம்மாவும் ஒத்துக்குவாங்க. அப்பாதான் கொஞ்சம் பேஜார் புடிச்ச ஆளு. ஜவுளிக் கடைல கலர் பாக்கற வேல செஞ்சி ரிட்டயர் ஆனவரு. மூணு மாசம் முன்னாடி நெஞ்சு வலி வந்துச்சு. டாக்டரு எண்ணெய தொடவே கூடாதுன்னுட்டாரு. ஆனா அவருக்கு எண்ணெய்ப் பலகாரம்னா உயிரு. இதுக்கு முன்ன பாத்த ஒரு வூட்ல சொஜ்ஜி பஜ்ஜி வெச்சாங்க. சம்சாரம் தட்ட புடுங்கிட்டாங்க, அவரு கோவிச்சிக்கினு எழுந்துட்டாரு. இன்னொரு வூட்ல பயந்துபோயி இடியாப்பம் வெச்சாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்குதுன்னு சொல்லி எழுந்துட்டாரு. பொண்ண பாக்கறதுக்கு முன்னாடி அவரு தட்டத்தாம்மா பாப்பாரு."

எண்ணெய் வைத்தாலும் போச்சு, வைக்காவிட்டாலும் போச்சு. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த புளோயர் அண்ணன் வாசலில் வந்து நின்று, "அக்கா, பொண்ணு கல்யாணத்த என் பீரோகிட்ட வுட்டுரு" என்றார். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதுதான் எங்களைக் கவலைப்பட வைத்தது. ஆனால் வேறு வழியும் இல்லை.

அது சரியான மழைக்காலம். முகூர்த்த சீசன் வேறு. முந்தின வாரம் முழுக்க அந்த பீரோவில் காய்ந்தது அரக்கு நிற நூல்தான், காஞ்சிபுரத்தில் கூரைப் புடவைக்கு எல்லாரும் கேட்கிற அந்த ஆழ்ந்த சிவப்பு. சனிக்கிழமை அண்ணனும் அண்ணியும் பீரோவைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். புது கம்பி வலை போட்டார்கள். கண்ணாடியைத் துடைத்தார்கள். சாம்பிராணிகூடப் போட்டார்கள். பின்னால் இருந்த வளைந்த குழாயை மட்டும் இருவரும் மறந்துவிட்டார்கள். ஒரு வாரத்து அரக்குச் சாயத் தூசு முழுவதும் அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், மூன்று மணிக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள், இரண்டரைக்கே வந்துவிட்டார்கள். முதல் ஈட்டைச் சோதனைக்குப் போட்டுப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். வந்துவிட்டார்கள் என்று கேட்டதும் கையும் காலும் ஓடவில்லை. அண்ணி அந்த முதல் ஈட்டையே சர்க்கரையில் புரட்டி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அம்மா அதைத் திறந்து பார்க்காமல் நேராகப் பையனின் அப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டார். நான் காபி டம்ளர்களோடு உள்ளே வந்தபோதுதான் அவர் மூடியைத் திறந்தார்.

பொன்னிறத்தில் அழகான துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் அம்மை போட்டது போல் அரக்குப் புள்ளிகள்.

அவர் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்தார். விரல் சிவந்தது.

"அரக்கு" என்றார் அவர். பிறகு கண்ணைச் சுருக்கி, "சுத்த அரக்கு இல்ல. கொஞ்சம் கத்திரிப்பூ கலந்துக்குது" என்றார்.

வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கத்திரிப்பூ எல்லாம் கெடையாதுங்க! சுத்த அரக்குங்க!" வேர்வையில் நனைந்து புளோயர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"நாப்பது வருசம் கலர் பாத்த கண்ணுய்யா இது. அதுவும் இல்லாம கையில ஒட்டுதே. எவன்யா சாயம் போட்டது?"

"ஒட்டாதுங்க! நூல்ல இருக்கறது கெட்டிச் சாயம். இது வெறும் தூசுங்க!"

என் அப்பா இதில் வாயை வைக்காமல் இருந்திருக்கலாம். தறிக்காரர், முடியவில்லை. ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "அவரு சொல்றாப்ல லேசா ஊதா அடிக்குதுபா" என்றார். என் வாழ்க்கை தட்டில் கிடக்க, மூன்று ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு முறுக்கை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு அது கத்திரிப்பூவா அரக்கா என்று சண்டை போட்டார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் இது தின்கிற பொருள் என்பது முதலில் ஞாபகம் வந்திருக்கும்.

எங்கள் ஊரில் அது பையனின் அம்மாவுக்கு மட்டும் வந்தது. "கலரு கெடக்கட்டும். இத தின்னா இன்னா ஆவறது? இவருக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல. எழுந்திருங்க, போலாம்" என்று எழுந்துவிட்டார். பையன் எழுந்திருக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்தது என்று இருந்தது.

பெண் பார்க்கும் நாளில் பெண் வாய் திறக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒன்றரை வருடம் ரிப்பன் சிக்கை எடுத்துக் கொடுத்தவனை இந்தக் குழாய்த் தூசுக்காக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காபித் தட்டைக் கீழே வைத்தேன்.

"மாமா, அத சாப்பிடாதீங்க. எங்க தப்பு, மிஷின சரியா தொடைக்கல. ஆனா ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம பலகாரம் பண்ற மிஷினு இந்த ஊர்லயே அது ஒண்ணுதான் இருக்குது. அடுத்த வூடுதான். வந்து பாருங்க. உங்க கண்ணு முன்னாடியே தொடைச்சி, கண்ணு முன்னாடியே போட்றோம். நல்லா இல்லன்னா அப்படியே கெளம்பிருங்க."

'மாமா' என்று கூப்பிட்டதில் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. பையனின் அப்பா என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். அதுவரை அவர் என்னைப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். "எண்ணெயே இல்லியா?" என்றார். "எங்கக்குது அந்த மிஷினு?"

எனக்குத் தெரிந்து காஞ்சிபுரத்தில் மோட்டார்ப் பட்டறையில் நடந்த பெண் பார்க்கும் படலம் எங்களுடையது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் பட்டுப் புடவையோடு ஒரு கம்ப்ரசர் பக்கத்தில் நின்றேன். அண்ணன் குழாயைக் கழற்றினார். உள்ளே இருப்பது வெளியே போகட்டும் என்று, அதன் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் காற்றாடியைப் போட்டார். ஒரு வாரத்து அரக்கும் ஒரே மூச்சில் வந்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஆள் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். அவருடைய அப்பா மட்டும் சிரிக்காமல் சட்டையை உற்றுப் பார்த்து, "துணியில பாத்தா சுத்த அரக்காத்தான் தெரியுது" என்று ஒப்புக்கொண்டார். அண்ணனுக்கு உயிர் வந்தது.

குழாயை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, துணி கட்டிய குச்சியால் துடைத்து, வெறும் காற்றை வெள்ளைத் துணியில் ஊதவிட்டு, துணி வெள்ளையாகவே இருப்பதைப் பெரியவரிடம் காட்டிய பிறகு, அம்மா புது மாவைப் பிழிந்தார். அண்ணன் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். "போடப் போறேம்பா!"

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கேபிளில் படம் ஓடிக்கொண்டிருந்த நேரம். தெரு முழுக்க ஒரே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் எதிர்வீட்டில் அது நின்றது. பிறகு அதற்கடுத்த வீடு, அதற்கடுத்தது. கடைசியில் தெருக்கோடி வரை நின்று, மழை சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாது, கரண்ட்டு போச்சா?" என்றார் பையனின் அப்பா.

"இல்லீங்க" என்றார் அண்ணி. "எல்லாரும் ஆஃப் பண்ணிட்டாங்க. பாப்பாவ பொண்ணு பாக்க வந்திருக்கறாங்கன்னு தெருவுக்கே தெரியும்."

பையனின் அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். பீரோவின் கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே துண்டுகள் உப்பிச் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம். அண்ணன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, முறுக்கைப் பார்ப்பதும் பெரியவர் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமியை வேண்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அந்தக் கற்பூர விஷயத்தைச் சாமி மறந்திருக்க வேண்டும்.

எடுத்தார்கள். பொன்னிறம், ஒரு புள்ளி இல்லை. சர்க்கரையும் பட்டைத் தூளும் புரட்டித் தட்டில் வைத்தார்கள். பெரியவர் ஒன்றை வாயில் போட்டார். அவர் கடித்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. மென்றார். நெடுநேரம் மென்றார். பிறகு கையை நீட்டி, "இன்னொண்ணு குடு" என்றார். அப்படி ஒன்றொன்றாகப் பதினான்கு துண்டு தின்றார். நான் எண்ணினேன். என் ஆயுளிலேயே நான் அவ்வளவு கவனமாக எதையும் எண்ணியதில்லை. பதினான்காவதை முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, மனைவியைப் பார்த்து, "ராகு காலம் வர்றதுக்குள்ள பேசி முடிச்சிரலாம், இன்னா சொல்ற?" என்றார்.

அண்ணன் வாசலுக்கு ஓடினார். "முடிஞ்சிருச்சிபா! எல்லாரும் போட்டுக்கோங்க!" தெரு முழுக்க மறுபடி அந்தப் படம் ஆரம்பித்தது. முக்கியமான சண்டைக் காட்சி போய்விட்டதாம். என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் அதைத்தான் சொன்னார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு நாள், மாமனாருக்கு இடியாப்பம் வைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டேன். "மாமா, நெசமா சொல்லுங்க. அன்னிக்கு அந்தக் காத்து முறுக்கு எப்படித்தான் இருந்துச்சு?"

"கண்றாவி" என்றார். "கடவாப் பல்லு ஒண்ணு அன்னிக்கு ஆட ஆரம்பிச்சதுதான்."

"அப்புறம் எதுக்குப் பதினாலு தின்னீங்க?"

அவர் இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "அந்த ஒல்லி ஆளு என் பின்னாடி நின்னுக்கினு இருந்தான் பாரு, பெத்த பொண்ணுக்கு நிக்கற மாதிரி. கண்ணாடில அவன் மூஞ்சி தெரிஞ்சிது. அவன் உனக்கு இன்னா உறவு? ஒண்ணும் இல்ல, பக்கத்து வூடு. பக்கத்து வூட்டுக்காரன் இப்படித் தவிக்கறான், தெருவே சினிமாவ நிறுத்திட்டு குந்திக்கினு இருக்குது. இப்பேர்ப்பட்ட பொண்ண வுட்டுட்டுப் போனா நான் முட்டாளு. பல்லு போனா போவட்டும்னு தின்னேன்."

இதை அண்ணனிடம் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தின வருடம்தான் அவர் இறந்துபோயிருந்தார். கடைசியாகப் பார்த்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணெய்ல பொரிச்ச மாதிரியேதான் இருந்துச்சு, இல்ல பாப்பா?" என்று கேட்டார். "அப்படியேதாண்ணா இருந்துச்சு" என்றேன். என் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அண்ணன் என்று நான் கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மகள் துண்டுகளை அடுக்கிப் பெட்டியை மூடினாள். அவள் பொத்தானை அழுத்தியதும் நான் கூடத்துக்குப் போய் டிவியை நிறுத்தினேன். ஃபேனையும் நிறுத்தினேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா எல்லாத்தையும் ஆஃப் பண்ற?" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள். "இதுக்கெல்லாம் அவ்ளோ கரண்ட் இழுக்காதும்மா!"

"பேசாம இருடி" என்றேன். "புளோயர் அண்ணன் போட்டிருக்காரு."